படிக்கட்டுப் பக்கம்

விக்னேஷ்வரன் காட்டிய படத்தில் ஒரு யானை நின்றது. நீச்சல் குளத்தின் மேல் இழுத்துக் கட்டியிருந்த நீலப் படுதாவின் நடுவில் நின்றது. படுதா லேசாகக் குழிந்திருந்தது, அவ்வளவுதான்.

“நெசமாவே ஏத்துனாங்களா, இல்ல கம்ப்யூட்டர் வேலையா?” என்று கேட்டார் மணிகண்டராஜ்.

“நெசந்தான் சார். வெளிநாட்டுல.”

“வெளிநாட்டு யானைக்கு வேற சோலி இல்ல போல. இங்க யானைக்கு எங்க போக? சங்கிலி, நீ ஏறி நிப்பியாலே?”

“நேத்து தின்ன புரோட்டாவோட ஏறுனா யானையே தேவலைன்னு ஆயிரும் மொதலாளி,” என்றான் சங்கிலிமுத்து.

மூன்று பேரும் சிரித்தார்கள். குளத்தை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். சங்கிலிமுத்து நின்றுகொண்டிருந்தான்.

அது மணிகண்டராஜ் திருத்தங்கலுக்கு வெளியே கட்டிய புது வீடு. எம். புதுப்பட்டிப் பக்கம் அவருக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டி, லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கி நிரப்பியிருந்தார். தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கிற ஊரில் அந்தக் குளத்தைப் பார்க்கவே சொந்தக்காரர்கள் கார் போட்டு வந்தார்கள். அந்த வீட்டில் வேலை செய்கிறவர்கள் அதைத் தொட்டி என்றார்கள்.

குளத்தை மூட ஒரு கவர் வாங்கும் பேச்சு வந்ததற்குக் காரணம் அவருடைய மூன்று வயது மகன் தருண்குமார். பந்து விழுந்ததென்று குளத்தின் விளிம்பில் குனிந்து நின்றவனைச் சமையல்காரி பாண்டிச்செல்வி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அன்று முழுவதும் அவர் மனைவி பிரீத்திகா சாப்பிடவில்லை. “ஒண்ணு தண்ணிய எறக்குங்க, இல்ல மூடி போடுங்க” என்று சொல்லிவிட்டாள். தண்ணீரை இறக்கிப் போட்டால் வெயிலில் டைல்ஸ் வெடித்துவிடும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். அதனால் மதுரையிலிருந்து கவர் விற்கிற விக்னேஷ்வரன் சாம்பிள் பையோடு வந்திருந்தான்.

பாண்டிச்செல்வி சங்கிலிமுத்துவின் பெண்டாட்டி. இருவரும் ஐந்து வயது மகள் சினேகாவோடு காம்பவுண்டுக்குள் பின்பக்கம் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அறை வாசலில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது குளம்தான்.

விக்னேஷ்வரன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். முதலில் தண்ணீர் மேல் மிதக்கிற மெல்லிய தாள். “இது தூசிக்கும் வெயிலுக்கும்தான் சார். பிள்ளைங்க விஷயத்துல இதை நம்பக் கூடாது.” அது ஒதுக்கப்பட்டது. அடுத்தது மோட்டாரில் ஓடுகிறது. சாவியைத் திருப்பினால் தண்டவாளத்தில் நகர்ந்து வந்து குளத்தை மூடிக்கொள்ளும்.

“ஆளு உள்ள குளிக்கயில எவனாச்சும் சாவியத் திருப்பிட்டா?” என்றான் சங்கிலிமுத்து.

“பாத்துத்தான் திருப்பணும்.”

“பாக்காமத் திருப்புறவந்தான் ஊர்ல பாதிப் பேரு.”

மணிகண்டராஜ் தலையாட்டினார். அதுவும் போனது. கடைசியில் யானை நின்ற கவர். கெட்டியான படுதா. நாலு ஓரத்திலும் வார்கள். ஒவ்வொரு வாரின் நுனியிலும் ஒரு ஸ்பிரிங். தரைக்கல்லில் துளை போட்டுப் பித்தளை முளை இறக்கி, அதில் இழுத்து மாட்ட வேண்டும். பெரிய ஆளே பல்லைக் கடித்துக்கொண்டுதான் மாட்ட முடியும், பிள்ளைகளால் கழற்றவே முடியாது என்றான் விக்னேஷ்வரன்.

“நாலு பக்கமும் மாட்டணுமா?” என்று சங்கிலிமுத்து கேட்டான்.

“ஆமாண்ணே.”

“அப்ப உள்ள மாட்டிக்கிட்டவன் எந்தப் பக்கமா வருவான்?”

“உள்ளயே போக முடியாதேண்ணே. அதுக்குத்தான் கவர்.”

“முடியாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாக.”

மணிகண்டராஜின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

சங்கிலிமுத்து அவருடைய கம்பெனியில் போர்மேனாக இருந்தவன். பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு வாசல். ஆள் உள்ளே இருக்கும்போது நாலும் திறந்திருக்க வேண்டும். ஒரு தீபாவளிச் சீசனில் லோடு ஏற்ற வண்டி வரவில்லை. ஓர் அறையின் இரண்டு வாசலில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெடிமருந்து உரசித் தீப்பிடித்தபோது உள்ளே இருந்த பெண்கள், தினமும் வந்து போய்ப் பழகிய வாசலுக்கே ஓடினார்கள். அந்த வாசலில்தான் பெட்டிகள் இருந்தன. சங்கிலிமுத்து திறந்திருந்த வாசல் வழியாகக் கை விட்டு ஒருத்தியை மட்டும் இழுத்தான். அவளும் பிழைக்கவில்லை. அவனுடைய இடது கை விரல்கள் வெந்து ஒட்டிக்கொண்டன.

அதற்குப் பிறகு மணிகண்டராஜ் எல்லா அறை வாசல் முன்னாலும் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டார். கோட்டுக்குள் ஒரு வாளியைக்கூட வைக்க விடமாட்டார். சங்கிலிமுத்து, கை ஆறி வேலைக்குத் திரும்பிய கொஞ்ச காலம், தினமும் காலையில் அறை அறையாகப் போய் ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்பான்: “ஒன் வாசல் எது?” அவள் கையை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பிறகு அந்தக் கையால் மருந்து வேலை மேற்பார்க்க முடியாது என்று ஆனபோது, முதலாளி அவனை வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கூட்டி வந்தார்.

எதையும் முழுதாக மூடக் கூடாது என்பது அந்த இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதாக இல்லை.

“படிக்கட்டுப் பக்கம் மட்டும் வார் மாட்டாம விட்டிருங்க,” என்றான் சங்கிலிமுத்து. “ஒரு வாசல் அகலத்துக்கு. மத்த மூணு பக்கமும் டைட்டா இழுத்துக் கட்டுங்க.”

“சரியாச் சொன்ன,” என்றார் மணிகண்டராஜ்.

விக்னேஷ்வரன் சாம்பிளைக் கீழே வைத்தான். “சார், அப்படிச் செஞ்சா இது பாதுகாப்புக் கவரே இல்ல. பாதி மூடுறது மூடாம விடுறதைவிட மோசம். அந்த வழியா ஒரு பிள்ளை உள்ள போயி ரெண்டடி தள்ளிப் போயிட்டா, மேல வந்து மூச்சு விட இடம் இருக்காது. தலைக்கு மேல ஷீட்தான் இருக்கும். கம்பெனில வாரண்டியும் தர மாட்டாங்க.”

“தம்பி, நீங்க நீச்சல் குளம் பாத்திருக்கீங்க. நாங்க வேற பாத்திருக்கோம். வாரண்டிய வச்சு என்ன செய்ய?” என்றார் மணிகண்டராஜ்.

விக்னேஷ்வரனுக்கு ஆர்டர் வேண்டும். டேப்பை எடுத்து அளக்கத் தொடங்கினான். மோர் டம்ளர்களோடு வந்து நின்றிருந்த பாண்டிச்செல்வி அவர்கள் பேசியது முழுவதையும் கேட்டிருந்தாள்.

பிரீத்திகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “நல்லதுதானே?”

“சங்கிலியே சொல்றான்,” என்றார் மணிகண்டராஜ்.

அவளுக்கு அது போதவில்லை போல. அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு வீட்டின் பின்கதவில் பையனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்துக்கொண்டாள். அந்தத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. சினேகா வெளியே இருந்தாள்.

கவர் வந்து மாட்டிய அன்று சாயங்காலம் பாண்டிச்செல்வி புருஷனிடம் சொன்னாள்.

“அந்தப் பக்கத்தையும் கட்டச் சொல்லுங்க.”

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு.”

“அந்தப் பையன் என்ன சொன்னான்னு கேட்டீகளா இல்லியா? உள்ள போனா மேல வர முடியாதாம்.”

“யாவாரி ஆயிரம் சொல்லுவான். அந்த ரூம் வாசல்ல நின்னது நானா அவனா? பெட்டி இல்லாம இருந்திருந்தா அத்தன பேரும் இன்னைக்கு உசுரோட இருப்பாக.”

“அது தீயி. உள்ள இருக்குற ஆளு வெளிய வரணும். இது தண்ணி. வெளிய இருக்குற பிள்ள உள்ள போகக் கூடாது. ரெண்டும் ஒண்ணா?”

“எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். எனக்குப் பிள்ள ஒண்ணுதான் இருக்கு.”

அவன் எழுந்து போனான். மறுநாள் அவள் துணிக்கொடி நைலான் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, படிக்கட்டுப் பக்கம் மாட்டாமல் விட்ட வார்களை முளைகளோடு சேர்த்துக் கட்டினாள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த சங்கிலிமுத்து பார்த்தான். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தான். விரல் ஒட்டிய கையால் அவிழ்க்க நேரம் பிடித்தது. அவள் மறுபடி கட்டினாள். அவன் மறுபடி அவிழ்த்தான். இப்படிக் கொஞ்ச நாள் ஓடியது. இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசியில் அவன் கயிற்றைச் சுருட்டிக் காம்பவுண்டுக்கு வெளியே வேலிமுள்ளுக்குள் எறிந்தான்.

“இன்னொரு தடவ கட்டுனே, கைய முறிச்சிருவேன்.”

“முறிங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கையாவது மிஞ்சும்,” என்றாள் அவள்.

அவன் அவளை அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தான். மகளைக் கூட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தான். ஒவ்வொரு பக்கமாக நின்று வார்களைக் காட்டினான். இது அடைச்ச பக்கம். இதுவும் அடைச்ச பக்கம். இதுவும். படிக்கட்டுக்கு வந்ததும் படுதாவின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். உள்ளே நீலமாக வெளிச்சம் இருந்தது. முதல் படியில் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

“என்னைக்காச்சும் உள்ள விழுந்தா எங்கன வரணும்?”

“இங்கன,” என்று சினேகா கை நீட்டினாள்.

“கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு சரியாகக் காட்டினாள். அவன் கடையிலிருந்து கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தான். பிறகு தினமும் பள்ளிக்கூட வேன் வருமுன் ஒரு தடவை கேட்டான். அவள் விளையாட்டாகவே கற்றுக்கொண்டாள். படுதாவைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, அது சில்லென்று இருக்கிறது, இந்தப் பக்கம் தூக்குவதற்கு லேசாக இருக்கிறது என்பதையும் கற்றுக்கொண்டாள்.

ஆடி கடைசி வெள்ளி வந்தது. கம்பெனிக்காரர்கள் பாதிப் பேர் மஞ்சள் சேலையோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போயிருந்தார்கள். முதலாளி வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து பின்புறத்தில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை. சாமான் இறக்க வந்த வேன்காரனோடு சங்கிலிமுத்து வாசல் கேட்டில் இருந்தான். பாண்டிச்செல்வி அடுப்படியில் இருந்தாள். வந்திருந்த பெண்களில் ஒருத்தி “பிள்ள அப்பாகிட்ட நிக்கி” என்றாள். கேட்டில் இருந்தவன் பிள்ளை அம்மாவிடம் நிற்கிறது என்று நினைத்தான்.

சினேகா வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்து, அவளும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். மண்ணை அரிசியாகக் கொட்டியிருந்தாள். உலை வைக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

தேடத் தொடங்கியபோது எல்லாரும் முதலில் ரோட்டுக்கு ஓடினார்கள். லாரி போகிற ரோடு. பிறகு வேனுக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள், மாடிக்குப் போனார்கள், கார் கதவைத் திறந்து பார்த்தார்கள். குளத்தை ஒட்டியே நாலைந்து பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி போனார்கள். குளம் மூடியிருந்தது. மூடியிருக்கிற இடத்தை யாரும் தேடவில்லை.

பாண்டிச்செல்வி அடுப்படியிலிருந்து வெளியே வந்தவள் எங்கும் போகாமல் நேராகப் படிக்கட்டுப் பக்கம் வந்தாள். ஓரத்தைத் தூக்கினாள். முதல் படியில் சிரட்டை மிதந்தது.

அவள் போட்ட சத்தத்தில் சங்கிலிமுத்து வந்து அப்படியே உள்ளே இறங்கினான். படுதாவுக்கும் தண்ணீருக்கும் இடையில் மூக்கை நுழைக்கவும் இடம் இல்லை. மூச்சை அடக்கி உள்ளே போனான், திரும்ப வந்தான், மறுபடி போனான். வேன்காரன் மற்ற பக்கத்து வார்களைக் கழற்ற முயன்றான். ஸ்பிரிங் அசையவில்லை. பெரிய ஆளே பல்லைக் கடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கழற்றினார்கள். ஆழமான பக்கத்தில், படியிலிருந்து ரொம்ப தூரத்தில், பிள்ளை படுதாவின் அடியோடு ஒட்டிக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு யாரையும் பார்க்காமல் பேசினார். மறுநாள் புதைத்தார்கள்.

அதற்கடுத்த நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி மேனேஜர் பாலகுரு காரில் வந்து இருவரையும் கூட்டிப் போனார். நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கியவர். வழி நெடுக, மொதலாளி ரெண்டு நாளாத் தூங்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனில் எஸ்.ஐ. நாற்காலி போடச் சொன்னார். எழுதி வைத்திருந்ததை வாசித்தார். குளம் முறைப்படி மூடப்பட்டிருந்தது, பெற்றோர் கவனிக்காத நேரத்தில் சிறுமி கால் தவறி விழுந்தாள், யார் மீதும் சந்தேகம் இல்லை.

“கையெழுத்துப் போடும்மா.”

“முறைப்படி மூடல,” என்றாள் பாண்டிச்செல்வி.

“என்னம்மா?”

“ஒரு பக்கம் மூடல. வித்த பையன் வேண்டாம்னு சொன்னான். நானும் சொன்னேன். நான் கட்டுனேன், இவுக அவுத்தாக. அத எழுதுங்க.”

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். “இப்படி எழுதுனா ஒன் புருசன் மேல கேஸ் வரும். யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுத்தான் சொல்லுதேன்.”

பாலகுரு அவள் பக்கம் சாய்ந்தார். “தாயி, பிள்ளையும் போயி புருசனும் போகணுமா? கோவத்துல பேசாத.”

“கோவம் இல்ல சார். மொதலாளியும் சரின்னு சொன்னாக. இவுக சொல்ல, அவுக சரியாச் சொன்னன்னு சொன்னாக. மோர் கொண்டு போன நான் கேட்டேன். அதையும் எழுதுங்க.”

பாலகுருவின் உடம்பு நிமிர்ந்தது. எஸ்.ஐ. அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு சங்கிலிமுத்துவைப் பார்த்தார்.

“நீ சொல்லுப்பா. ஒரு பக்கம் திறந்து விடச் சொன்னது யாரு?”

“நாந்தான் ஐயா. அவுத்ததும் நாந்தான்.”

“நீ மட்டுந்தானே?”

பாலகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் மட்டுந்தான்,” என்றான் சங்கிலிமுத்து.

அவன் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. இதில் இன்னொருத்தருக்குப் பங்கு உண்டு என்று சொன்னால், தன் பங்கு குறைந்துபோகும் என்று நினைத்தான். குறைவதை அவன் விரும்பவில்லை.

பாண்டிச்செல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக.

“ஒங்களுக்கு முழுசா வேணுமோ?” என்றாள். “முழுசா எடுத்துக்கிட்டு ஒக்காந்து அழலாம்னு பாக்கீகளோ? நாளைக்கு இன்னொரு வீட்டுல இதே மாதிரி போடுவாக. அப்ப யாரு வந்து சொல்லுவா, நீங்களா?”

அவள் எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

“எனக்கு எழுதத் தெரியும் சார். பத்தாவது பாஸ். பேப்பர் குடுங்க.”

“நீயா எழுதக் கூடாதும்மா, நாங்கதான்…”

“குடுங்க.”

எஸ்.ஐ. மேஜையில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும், தாள் எங்கே போய்ச் சேரும் என்பது வேறு விஷயம் என்பது போல இருந்தது அந்த நகர்த்தல். பாலகுரு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். “மொதலாளி, இந்தப் பிள்ள வேற மாதிரிப் பேசுது…” என்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

அவள் மேஜையில் குனிந்து எழுதினாள். சமையல் வேலையில் கை முரடாகியிருந்தது. எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது. மகள் பெயர், வயது, தேதி. பிறகு மணிகண்டராஜ் பெயர். பிறகு சங்கிலிமுத்து பெயர். விக்னேஷ்வரன் என்ன சொன்னான் என்பதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதினாள். எழுதி முடித்துத் தாளைப் புருஷன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“படிச்சுப் பாருங்க. தப்பு இருந்தா சொல்லுங்க.”

சங்கிலிமுத்து படித்தான். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தான். இதில் கையெழுத்து விழுந்தால் பின்பக்கத்து அறைக்கு இனித் திரும்பிப் போக முடியாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் வேலை தராது. அவன் உள்ளே போவதும் நிச்சயம். வெளியே பாலகுரு இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

“தப்பு இல்ல,” என்றான்.

“அப்ப சாட்சின்னு போட்டு ஒங்க பேரை எழுதுங்க.”

“குத்தவாளி எப்படிய்யா சாட்சி போட முடியும்?” என்றார் எஸ்.ஐ.

பாண்டிச்செல்வி அவரைப் பார்த்தாள். “அப்ப எதாப் போடணும்னு நீங்களே சொல்லுங்க சார்.”

சங்கிலிமுத்து பேனாவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை மட்டும் எழுதினான்.